மகராசி மேல் இரண்டாவது மனு

"ஹலோ... ஆமாங்க, புஷ்பமேரிதான் பேசுறேன். யாருங்க... ஸ்டேஷன்லருந்துங்களா. வணக்கங்க சார்... ஆமாங்க, ஆமா. கழுதை வெச்சிருந்த புஷ்பமேரிதான்."

அப்போதுதான் அவள் கொல்லை மூலையில் புதுமண் குவிந்திருந்த இரண்டு மேடுகளுக்கும் தண்ணீர் தெளித்துவிட்டு நிமிர்ந்திருந்தாள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலமும், யாருக்கும் வேண்டாத பிராணிகளும்தான் அவள் சொத்து. போலீஸ்காரரிடம் போனில் உட்கார்ந்து பேசலாமா என்று தெரியாமல் நின்றபடியே பேசினாள்.

"என்னங்க... இன்னொரு மனுவா? யாரு, மாதண்ணன் குடுத்ததா... அவரேதாங்க, பக்கத்துத் தோட்டம். படிங்க, கேக்குறேன்... 'மேற்படி கழுதையானது'... ம்... 'மேற்படி ஆட்டின் துணையோடு'... ஆமா, ஆமா... மல்பெரியில பூந்து, பட்டுப்புழுவுக்கு விட்டிருந்த தழையைத் தின்னுருச்சா. சரிங்க, என்னைக்கு?... திங்கக்கெழமையா. இந்தத் திங்களா? முந்தாநாளா?"

மகராசியின் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். மண் அசையாமல் அப்படியேதான் இருந்தது.

"சார், அது வந்திருக்க முடியாதுங்க... பொய் சொல்லலைங்க. அது போன புதன்கெழமையே செத்துப்போச்சு... கழுதைங்க. கழுதையேதான், எங்க மகராசி... பொதைச்சாச்சுங்க... சர்டிபிகேட்டா? கழுதைக்கு யாருங்க சார் எறப்புச் சர்டிபிகேட் குடுப்பாங்க?... ஆடுங்களா. அதுவும் இல்லைங்க. சனிக்கெழமை போயிருச்சு... வியாதியெல்லாம் ஒண்ணும் இல்ல. மகராசி கெடந்த எடத்துலயே போயிப் படுத்துக்கிச்சு, எந்திரிக்கவே இல்ல. அகத்தி வெச்சோம், வேலங்காய் வெச்சோம், எங்கூட்டுக்காரரு ஒளிச்சு வெச்சிருந்த மிச்சர வெச்சோம்... மிச்சருதாங்க சார். அதுக்கு அதுன்னா உசுரு. மோந்துகூடப் பாக்கல."

"மாதண்ணனுக்கா? ரெண்டும் செத்தது அவருக்கு எப்படிங்க தெரியும். அந்த மொத மனு குடுத்ததுலருந்து எங்களுக்குள்ள பேச்சு இல்ல."

போனில் பேசிக்கொண்டிருந்தவர் ஸ்டேஷன் ரைட்டர் பிரபாகர். இரண்டு மாதத்துக்கு முன்பு முதல் மனுவை விசாரித்தவரும் அவரே. அன்று அவர் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட புஷ்பமேரி மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை.

"கண்ணு தெரியாத கழுதை எப்படி வேலி தாண்டும்னு அன்னிக்கே கேட்டேங்க. ஆடு வழி காட்டியிருக்கும்னு சொன்னீங்க... நீங்கதான் சார். கேஸுல ஆடு ஏ-ஒன், கழுதை ஏ-டூன்னு சிரிச்சீங்க... பரவால்லைங்க. கண்டக்டரு மணி ஆட்டிக்கிட்டு முன்னால போவான், சத்தத்தைப் புடிச்சுக்கிட்டு இவ பின்னால போவா, அது நெசந்தான். ஆனா தண்ணித்தொட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பிருவாங்க... கண்டக்டருங்கறது ஆட்டோட பேருங்க. கம்பைநல்லூர் ரோட்டுல வண்டியிலருந்து விழுந்து கால் ஒடிஞ்சு கெடந்தான்... சரி, சரிங்க, விசயத்துக்கு வர்றேன். ரெண்டும் மண்ணுக்குள்ள இருக்குது. அப்ப திங்கக்கெழமை தின்னது யாருங்க?... அப்ப, ரெண்டு மாசத்துக்கு முன்னாடி தின்னது?"

கேட்டு முடித்த பிறகுதான் அந்தக் கேள்வி அவளுக்கே உறைத்தது. போலீஸ் மரியாதையெல்லாம் மறந்து ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"...இருக்கேங்க, லைன்லதான் இருக்கேன். சார், அன்னிக்கு ஒரு பேப்பருல எழுதிக் குடுத்தேனே, இனிமே கழுதையைக் கட்டிப்போட்டு வளர்ப்பேன்னு. அது இருக்குதுங்களா... ஃபைல்லயா. சரி... சார், செங்கல் சூளையிலருந்து அவளக் கூட்டியாந்தப்ப முன்னங்கால் ரெண்டையும் கட்டி வெச்சிருந்தாங்க. கயிறு சதைக்குள்ள போயிருந்துச்சு. அருவாளால அறுத்துட்டு, இனிமே உம்மேல கயிறு படாதுடின்னு சொன்னேன். அந்தோணியார் சாட்சியாச் சொன்னேங்க. ஆறு வருசம் படல. உங்க பேப்பருக்காவ ரெண்டு மாசம் கட்டினேன். கட்டுல இருக்கும்போதே செத்துட்டா... அழலைங்க. சளி புடிச்சிருக்கு."

"எனக்கு அந்தப் பேப்பரு வேணுங்க... எதுக்குன்னா, வேணும்... மனுவ முடிச்சுருவீங்களா? என்னன்னு எழுதி முடிப்பீங்க... 'கழுதை இறந்துவிட்டபடியால்'னா? அது எப்படிங்க? தின்ன கழுதை செத்துப்போச்சுன்னுல்ல ஆவுது. திருட்டுப் பழியோட போயிருவாளே சார். கழுதை தின்னலைன்னு எழுதுங்க... சாட்சியா? சாட்சிக்கு நான் எங்கங்க போறது?"

வேலிக்கு அந்தப் பக்கம் மல்பெரித் தழை அசைந்தது. காற்றே இல்லை. புஷ்பமேரி மெல்ல எழுந்தாள்.

"சார், ஒரு நிமிசம்... மெதுவாப் பேசுங்க... இல்லைங்க, உங்களை அதட்டலைங்க. இந்த நம்பருல வாட்ஸ்அப் இருக்குதுங்களா? வீடியோ கால்ல வாங்க... இப்பவேதாங்க... தெரியுதா? அது என் வெரலு. இப்ப பாருங்க. பச்சையா இருக்குதே, அதான் மல்பெரி. நடுவுல செவப்பா... ஆமாங்க, செவலைக் கன்னுக்குட்டி. மாதண்ணன் வூட்டுதுதான், கழுத்துல நீலப்பாசி மணி பாருங்க. ரெண்டு மூணு மாசமா அவுத்துவுட்டேதான் கெடக்குது... வேலியத் தாண்டலைங்க, அவரு மாட்டுக் கொட்டாயிப் பக்கமிருந்தே நடந்து வருது. நல்லாத் திங்குதுங்களா? போட்டோ புடிச்சுக்கிட்டீங்களா?"

"...தர்றீங்களா? அந்தப் பேப்பரயா? நல்லா இருப்பீங்க சார். அதுலயே, கழுதை தின்னலைன்னு ஒரு வரி... ஆட்டையும் சேத்துக்கங்க... சீலும் வேணுங்க... யாரு, மாதண்ணனயா? கூப்புட்டு என்ன பண்ணுவீங்க... கன்னைக் கட்டிப்போடுறேன்னு எழுதி வாங்குவீங்களா?"

கன்று வாய் நிறையத் தழையோடு தலை தூக்கி அவளைப் பார்த்தது. குற்றம் செய்த முகமாகவே இல்லை.

"வேண்டாங்க சார். அதைக் கட்டச் சொல்லாதீங்க... அவரு எனக்கு ஆகாதவர்தாங்க. கன்னு என்ன பண்ணுச்சு? கொட்டாயிக்கும் தோட்டத்துக்கும் நடுவுல ஒரு படல் வெக்கச் சொல்லுங்க, போதும்... சரிங்க... சரிங்க. பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்தர்றேன்."

"...கன்னா? ஓட்டுறேங்க, நானே ஓட்டிவுடுறேன்... இப்ப இல்லைங்க. கொஞ்ச நேரம் ஆவட்டும். மகராசி பேரைச் சொல்லி இன்னும் ஒரு வரிசை தின்னட்டும். வெச்சர்றேங்க சார்."