கத்தரிக்குள் ஒரு வளையம்

— அப்ப களவு களவுதானே மருமகளே? உன்ட கெம்பஸ் லெப் மெஷினே சொல்லிட்டுது. என்ட அபாயாவ எடு. அஸர் தொழுகை முடிஞ்சதும் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கிட்டப் போய், பக்கத்து வீட்டு அலீமா விதைக் கள்ளி எண்டு சொல்லப் போறன்.

— பொறுங்க மாமி. நான் இன்னும் சொல்லி முடியல்ல.

— இன்னும் என்ன அஸ்னா? என்ட கத்தரியிலயும் அவட கத்தரியிலயும் ஒரே பூச்சி எண்டியா இல்லையா?

— பூச்சி இல்ல மாமி, வைரொயிட். வைரஸ விடச் சின்னது. மேல தோல்கூட இல்லாத ஒரு ஆர்.என்.ஏ வளையம், உங்கட காப்பு மாதிரி. கத்தரிக்கு ஒரு கெடுதியும் செய்யாது, சும்மா குடியிருக்கும். விதையோட அடுத்த தோட்டத்துக்கும் போயிரும்.

— முஃபீதா, அலுமாரிச் சாவியக் கொஞ்சம் தா. தலைவலித் தைலம் எடுக்கணும்.

— பாரு, தொடங்கிட்டார் உன்ட மாமா! நான் ஒரு சண்டைக்கு வெளிக்கிட்டாப் போதும், நளீர் ஹாஜியாருக்குத் தலை இடிக்கும். கொஞ்சம் பொறுங்க! நீ சொல்லு அஸ்னா, வாடகை குடுக்காமக் குடியிருக்கிற அது எப்பிடிப் பெருகுது? முட்டை போடுமா?

— இல்ல மாமி. அந்தக் காப்பச் சுத்திச் சுத்திப் பிரதி எடுபடும். நிப்பாட்டத் தெரியாது. பிரதிக்குப் பின்னால பிரதி, நீட்டுக் கயிறு மாதிரி. பிறகு அந்தக் கயிறு தன்னையே துண்டு துண்டா வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் திரும்ப ஒரு காப்பு.

— கத்தி?

— கத்தியும் அதுதான், வெட்டுப்படுறதும் அதுதான். மனுசர்ட ஈரல்ல வாற ஒரு வைரஸும் இந்த வித்தையாலதான் பெருகுது.

— அல்லாவே! தன்னையே வெட்டிக் குடுக்குதா? நான் ஒரு விதை வெளியில போக விட்டதில்லையே! விக்கிறதும் பிஞ்சு, சந்தோசத்துக்குக் குடுக்கிறதும் பிஞ்சு. முத்தின விதையெல்லாம் அலுமாரிக்குள்ள, சாவி என்ட இடுப்புல. அலீமா எப்பிடி எடுத்தாள்? கேட்டா, யுத்தத்துல மன்னார விட்டு வெளிக்கிடக்குள்ள உம்மாட முந்தானையில முடிஞ்சு வந்த விதையாம்!

— அது பொய்தான் மாமி. உங்கட வளையத்துக்கு ஒரு மச்சம் இருக்கு, பிரதி எடுக்கக்குள்ள எப்பவோ மாறிப்போன ஒரு இடம். அதே மச்சம் அலீமா சாச்சிட செடியிலயும்.

— கேட்டீங்களா ஹாஜியார்! எங்க என்ட அபாயா?

— ஆனா ஒப்பிட்டுப் பாக்க வேற தோட்டத்திலயும் இலை எடுத்தன். மக்பூல் நானாட கத்தரியிலயும் அதே மச்சம்.

— மக்பூலா? லொறிய நம்மட வாசல்ல மறிச்சு விட்டதுக்கு நான் கிழிச்ச கிழி இன்னும் மறந்திருக்க மாட்டானே!

— அன்ரனிப்பிள்ளை அங்கிள்ட லொட்ஜுக்குப் பின்னால, அங்கயும்.

— அந்த மனுசன்ட பாட்டுச் சத்தத்துக்கும் நான் போய் ஏசினனே... அஸ்னா, இந்தக் கண்டக்குழி ஊர் முழுக்கக் கள்ளரா?

— முஃபீதா, சாவி...

— பேசாம இருங்க!

— மாமி, அலீமா சாச்சியோட எப்ப சண்டை பிடிச்சீங்க?

— போன நோன்புக்கு முந்தி. மீன் கழுவின தண்ணிய என்ட பாத்திக்கு விட்டாள்.

— அவ கத்தரி நட்டது?

— நோன்புப் பெருநாள் முடிஞ்சு... பொறு.

— சண்டை பிடிச்ச அண்டைக்கு மாமா தைலம் எடுத்தாரா?

— எடுத்தார். மக்பூலோட பிடிச்ச அண்டைக்கும் எடுத்தார். அன்ரனிப்பிள்ளைக்கு ஏசின அண்டைக்கும்... இஞ்சேருங்க! என்ட முகத்தப் பாருங்க!

— என்ன செய்ற முஃபீதா? நீ ஏசிட்டு வந்து நிம்மதியாத் தூங்கிருவ. விடிஞ்சா அவங்கட முகத்துல முழிக்கிறது நான். வெறுங்கையோட போய் சமாதானம் பேச ஏலுமா? ஆளுக்கு ஒரு சிட்டிகை விதை, அவ்வளவுதான். என்னக் காட்டிக் குடுக்கக்கூடாது எண்டுதான் அலீமா அந்த மன்னார்க் கதையச் சொன்னவ.

— அப்ப நான் பள்ளியில போய்க் கள்ளி எண்டு சொல்லியிருந்தா?

— வாயே திறந்திருக்க மாட்டா. ஊரையும் விட்டு வந்து, கள்ளி எண்ட பேரையும் சுமந்திருப்பா.

— அந்த அபாயா இப்ப வேணாம் புள்ள.

— மாமி?

— ஒண்டுமில்ல. அந்த மச்சம் இல்லாத வீடே இல்லையா புள்ள?

— ஒண்டு இருக்கு. யூஜீனியாக்காட கத்தரி வேற சாதி.

— அவ தங்கமான மனுசி. இத்தனை வருசத்துல ஒரு பேச்சு வந்ததில்ல. இண்டைக்குத்தான் என்ன பேய் பிடிச்சுதோ, விடிஞ்சதுல இருந்து ஆட்ட நம்மட வேலியில கட்டி வச்சிருக்கா. என்ட கீரைப் பாத்திய மொட்டை அடிக்குது.

— நான் இலை எடுக்கப் போகக்குள்ள உங்கட கத்தரிப் பாத்தியப் பாத்துக்கொண்டே அவ ஒரு கேள்வி கேட்டவ மாமி. உங்களுக்கு என்னத்துக்கெல்லாம் கோவம் வரும் எண்டு.

— நீ என்ன சொன்ன?

— ஆடு எண்டு சொன்னன்.

— அடி கள்ளி! அந்த அபாயாவக் குடு. பள்ளிக்கு இல்ல, யூஜீனியாட்ட அந்த ஆட்டப் பத்தி நாலு கேள்வி கேக்கணும். ஹாஜியார், இந்தாங்க சாவி. உங்களுக்குத் தலை வலிக்கப் போகுது.