ஒரே ஒரு நீலக்கோடு

காப்பி ஆறுகிறதே, குடித்துவிட்டுக் கேட்கலாமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேர்வுத்துறை அதிகாரி இயோனெல் அதைக் கவனிக்கவில்லை. என் பழைய மாணவி ஸ்மரந்தாவின் ஆறு வருடத்துக்கு முந்தைய விடைத்தாளை என் முன்னால் விரித்தார். பழைய தாள்களைச் சோதித்தபோது, ஒரு விடையை அடித்திருந்த கோட்டின் மை மட்டும் வேறாக இருந்ததாம்.

ஆமாம், நான் போட்டதுதான்.

பெயர் எழுதிய மூலையை மடித்து ஒட்டி, முத்திரை வைத்துத்தான் தாள்கள் திருத்த வரும். நான்கு வருடம் பார்த்த கையெழுத்தை எந்தப் பசை மறைக்கும்? ஒரு கவிதை வரியைக் கொடுத்து அதிலுள்ள அணியை விளக்கச் சொல்லியிருந்தார்கள்: 'களைத்த ஆறு எங்கள் வாசலில் தலை சாய்த்தது.' தற்குறிப்பேற்றம் என்று எழுதி, ஒரு பக்கத்துக்கு விளக்கியிருந்தாள். சரியான விடை. நான்கூட வகுப்பில் அப்படி விளக்கியதில்லை.

மாணவர் அடித்த பகுதிக்கு மதிப்பெண் கிடையாது. அது விதி. நாங்கள் திருத்துவது சிவப்பு மையில். என் கைப்பையில் நீலப் பேனாவும் இருந்தது. அளவுகோல் வைத்து ஒரே கோடு. அடுத்துத் திருத்தியவரும் பூஜ்யம் போட்டார். யாசி நகரில் மருத்துவம் படிக்க இருந்தவள் தோற்றுப்போனாள்.

கோபத்தில் செய்ததாக எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. ஒருநாள் வகுப்பில் அணி கேட்டபோது எழுந்து நின்று சொன்னாள்: "டீச்சர், நீங்க கவிதை படிக்கிறது, கறிய விட்டுட்டு எலும்ப எண்ணுற மாதிரி இருக்கு." முப்பத்தொரு பேர் சிரித்தார்கள். எண்ணினேன்.

தேர்வு முடிவு வந்தபின் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் அழுதுகொண்டு வந்தாள். "நான் அடிக்கல டீச்சர். சத்தியமா."

"பதட்டத்துல கை என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும், கண்ணு? நீதான் அடிச்சிருப்ப."

ஒரு வாரத்தில் நம்பிவிட்டாள். பள்ளியில் துப்புரவு வேலையும் நானே வாங்கிக் கொடுத்தேன். என் வகுப்பறையைத் துடைக்கிறாள். திரும்பத் தேர்வு எழுதச் சொன்னவர்களிடம், "இந்தப் பாழாப்போன கைய நம்பி எப்படிங்க எழுதுறது?" என்பாள். நான் குறுக்கே பேசியதில்லை.

அதிகாரி கதவைக் காட்டினார். "வெளியதான் உக்காந்திருக்கா. நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க, மேடம்."

மாட்டேன் என்றேன், மெதுவாக. மென்மையான பெண், இன்னொருவர்மேல் கோபப்பட வேண்டி வந்தால் தாங்கமாட்டாள்.