யாரும் தொடக்கூடாத வண்டி

அண்ணி: டார்ச்சை நேராத்தானே பிடிச்சிருக்கேன்.

தம்பி: என் மூக்குக்கு நேரா பிடிச்சிருக்கீங்க அண்ணி. எரிஞ்ச ஒயர் என் மூக்குல இல்ல.

அண்ணி: வாயை மூடிட்டு வேலையைப் பாரு தம்பி. உங்கண்ணன் ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள பானட்டை மூடியாகணும்.

தம்பி: மூடிடலாம். இந்தக் கருகின வாசனையை எதுக்குள்ள போட்டு மூடுறது?

அண்ணி: அடுப்புல ஏதோ தீஞ்சு போச்சுன்னு சொல்லிக்கிறேன்.

தம்பி: கார் ஷெட்டுல அடுப்பு வெச்சிருக்கீங்களா?

அண்ணி: டார்ச் இப்ப நேரா இருக்கா பாரு.

தம்பி: இருக்கு. சரி, உண்மையைச் சொல்லுங்க. நின்ன இடத்துல நின்ன வண்டியில எப்படி ஒயர் எரியும்?

அண்ணி: நம்ம தாத்தா காலத்து வண்டி. அதுவா...

தம்பி: அதுவா எழுந்து நடந்துச்சா? டயர்ல ஈர மண்ணு ஒட்டியிருக்கு.

அண்ணி: நீ எலக்ட்ரீஷியனா, போலீசா?

தம்பி: நீங்க கூப்பிட்டது எலக்ட்ரீஷியனைத்தான்.

அண்ணி: ...எடுத்தேன். ஒரே ஒரு தடவை. லைசென்ஸ் வாங்கி எத்தனை நாளாச்சு. கேட்டா, "இது உனக்கு அடங்காது"ன்னு அதையே சொல்றாரு. கடைத்தெரு வரைக்கும் போனேன். பூ மாதிரி போச்சு. திரும்புறப்ப மழை. லைட்டைப் போட்டேன், வைப்பரைப் போட்டேன்... வாசலுக்கு வர்றப்ப புகை.

தம்பி: நல்லவேளை, வாசல்ல வந்துச்சு.

அண்ணி: அவருக்குத் தெரியக்கூடாது தம்பி. கதவுல ஒரு கீறல் விழுந்ததுக்கே பக்கத்து வீட்டுக்காரரோட பேச்சை விட்டவரு. என்னோடயும் பேச்சை விட்டுட்டா... வீட்ல இருக்கிறதே நாங்க ரெண்டு பேர். நான் சுவரோடயா பேசுவேன்?

தம்பி: அழாதீங்க, டார்ச் ஆடுது. இங்க பாருங்க... மொத்த வண்டிக்கும் ரெண்டே ரெண்டு பியூஸ். லைட்டு, ஹாரன், வைப்பர் எல்லாம் ஒரே பியூஸ்ல தொங்குது.

அண்ணி: கூட்டுக் குடும்பமா?

தம்பி: அதேதான். இப்ப தனிக்குடித்தனம் வெக்கப்போறேன். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பியூஸ், புதுப் பெட்டி, லைட்டுக்குத் தடியான ஒயர். இனி ஒருத்தன் விழுந்தா அவன் மட்டும்தான் விழுவான்.

அண்ணி: பெட்டி இம்மாம் பெருசா இருக்கே. அவர் கண்ணுல படாதா?

தம்பி: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதைதான். மேல ஒரு துணியைப் போட்டு... இருங்க. இது என்ன?

அண்ணி: எது?

தம்பி: பியூஸ் மேல சுத்தியிருக்கே... சாக்லேட்டுல வர்ற வெள்ளிக் காகிதம்.

அண்ணி: நான் சாக்லேட்டே சாப்பிடலப்பா.

தம்பி: உங்களைச் சொல்லல. பியூஸ் போச்சுன்னா புதுசு போடணும். யாரோ, போன பியூஸ் மேல இதைச் சுத்தித் திரும்ப மாட்டியிருக்காங்க. இப்படிச் செஞ்சா பியூஸ் போகாது. அதுக்குப் பதிலா ஒயர் எரியும். நீங்க எரிக்கல அண்ணி. இதைச் சுத்தின புண்ணியவான் எரிச்சிருக்காரு.

அண்ணி: இந்த வண்டியில அவரைத் தவிர வேற யாரும்...

தம்பி: அதான். "ஒயரிங் பூரா என் கையால"ன்னு போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் சொல்லுவாரே. நான் ஊர்ல உள்ள வண்டியெல்லாம் பாக்குறேன். கூடப்பிறந்த தம்பியை ஒரு நாளும் இந்த பானட்டைத் திறக்க விட்டதில்ல. எனக்கும் வருத்தம்தான் அண்ணி.

அண்ணி: அந்தக் காகிதத்தைக் குடு.

தம்பி: எதுக்கு? அவர் திட்டினா மூஞ்சிக்கு நேரா நீட்டலாம்.

அண்ணி: வேண்டாம், தூக்கிப் போட்டுடலாம். அவ்வளவு பெருமையா சொல்லிட்டுத் திரியறாரு, பாவம். திட்டை நானே வாங்கிக்கிறேன்.

தம்பி: இவ்வளவு நேரம் தெரியக்கூடாதுன்னு...

அண்ணி: சொன்னேன். இப்ப வேற மாதிரி சொல்றேன். குடு.

தம்பி: கேட் சத்தம் கேக்குது அண்ணி.

அண்ணி: சீக்கிரம் குடு, முந்தானையில முடிஞ்சுக்கிறேன்.

அண்ணன்: ஷெட்டுல என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? பானட்டை யாரு திறந்தா?

தம்பி: அண்ணே, அது வந்து...

அண்ணி: நான்தாங்க. வண்டியை எடுத்தேன், ஒயர் எரிஞ்சிடுச்சு. தம்பியைத் திட்டாதீங்க, நான்தான் கூப்பிட்டேன்.

அண்ணன்: நீ ஓட்டினியா?

அண்ணி: ஆமா.

அண்ணன்: எது வரைக்கும்?

அண்ணி: கடைத்தெரு வரைக்கும்.

அண்ணன்: கடைத்தெருவா... போயிட்டுத் திரும்பியும் வந்தியா?

அண்ணி: வந்தேன். ஏங்க அப்படியே அந்தப் பழைய டயர் மேல உக்காந்துட்டீங்க? ஞாயித்துக்கிழமையானா நீங்க மட்டும் தனியா அத்தனை நேரம் சுத்திட்டு வர்றீங்க. நான் ஒரு தடவை போனா...

அண்ணன்: நான் எங்கடி சுத்தினேன்? தெருமுனை திரும்பினதுமே கருகின வாசனை வரும். மரத்தடியில நிறுத்திட்டுப் பேப்பர் படிச்சிட்டு வந்துடுவேன். உன்னை ஏத்திக்கப் பயம், இவனைக் கூப்பிட வெக்கம்... எங்கிட்ட இந்த வண்டி அந்த மரத்தைத் தாண்டினதே இல்ல.