சலவைக்கடை, பகுதி இரண்டு

மேசை விரிப்புகளுக்குக் கஞ்சி போடவா வேண்டாமா என்று தம்பி போனில் கேட்டான். கொஞ்சமாகப் போடு, ரொம்ப மொடமொடப்பாக இருந்தால் காபிக் கோப்பை வழுக்கும் என்றேன். "வைஸ் சான்சலர் மடியில கவுந்தா உனக்கென்ன அண்ணா, துவைக்க நான் இருக்கேன்" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

எங்கள் பல்கலைக்கழக வணிக மேலாண்மைப் பள்ளியின் புதிய கட்டடத் திறப்பு விழாவுக்கு முந்தைய மாலை அது. மறுநாள் விடியும் முன் அவன் ஓட்டி வந்த வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. பின்னால் இருந்த விரிப்புகள் மடிப்புக்கூடக் கலையவில்லை. அவற்றை விரித்துத்தான் விழா நடந்தது. அவனும் அதைத்தான் விரும்பியிருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் சொன்னது நான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது பள்ளியே அல்ல. கேண்டீனுக்கு மேலே இரண்டு அறைகள். பெயர் வணிகவியல் துறை. வெங்காயம் வதங்கும் வாசனை வந்தால் பாடம் முடிந்துவிட்டதென்று மாணவர்கள் எழுந்துவிடுவார்கள். அங்கிருந்து கண்ணாடிச் சுவர் வைத்த ஐந்து மாடிக்கு வந்ததில் என் உழைப்பு கொஞ்சம் உண்டு. கட்டடத்துக்கு ஒரு சிமெண்ட் வியாபாரி பணம் கொடுத்தார். அங்கீகாரத்தை அப்படி வாங்க முடியாது. அதற்கென்று ஒரு குழு வரும்.

குழுவின் தலைவி முதல் வருகையிலேயே கேட்டார்: "நீங்க நடத்துற கேஸ் எல்லாம் வேற யாரோ எழுதினது. உங்களுதுன்னு ஒண்ணுகூட இல்லையா சார்?"

கேஸ் என்பது ஒரு தொழிலின் உண்மைக் கதை. முதல் பகுதியை முடிவு சொல்லாமல் நிறுத்துவோம். உரிமையாளர் என்ன செய்ய வேண்டும் என்று மாணவர்கள் வாதாடுவார்கள். என்ன நடந்தது என்பது இரண்டாம் பகுதியில் வரும். ஆசிரியருக்கு மட்டும் ஒரு வழிகாட்டி உண்டு. சரியான விடை அதில் இருக்கும்.

என் தம்பி சலவைக்கடை வைத்திருந்தான். ஒரே ஒரு ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துக்கொண்டு, மதியம் சாப்பிட்டதும் குட்டித்தூக்கம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தான். அந்தச் சமயம் பார்த்து இன்னொரு பெரிய ஆஸ்பத்திரி அவனைத் தேடி வந்தது. தினமும் விடிவதற்குள் விரிப்புகள் வந்துசேர வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல மனிதன், ஓடுகிற தொழில், வீடு தேடி வந்த வாய்ப்பு. எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராத கேஸ்.

பகுதி ஒன்றை வகுப்பில் நடத்திய அன்று அவனையே அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். ஊர்த் துணியெல்லாம் தேய்க்கிறவனின் காலர் கசங்கியிருந்தது. கோட்டுப் போட்ட பிள்ளைகள் அவனுடைய எதிர்காலத்தைக் கூட்டிக் கழித்தார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "சார், இவரு எப்ப தூங்குவாரு?"

"அது கேஸ்ல இல்லம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான்.

புதிய ஒப்பந்தத்தை ஏற்கலாம் என்றே பெரும்பாலோர் கை தூக்கினார்கள். வகுப்பு கலைந்ததும் என் அறைக்கு வந்தான். "பசங்கள விடு. நீ சொல்லு அண்ணா. எடுக்கலாமா?"

அவன் மனைவி முந்தின நாளே எனக்குப் போன் செய்திருந்தாள். "மாமா, டிவி முன்னாடி உக்காந்தாலே தூங்கி விழுற மனுஷன். ராத்திரி வேலையெல்லாம் இவருக்கு ஒத்துக்காது. உங்க பேச்சத்தான் கேப்பாரு. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவள் சொன்னதில் தவறில்லை. ஆசிரியர் வழிகாட்டியில் நானும் அதையே எழுதி வைத்திருந்தேன்: இரவு வேலை, ஒற்றை ஆள், அவனுக்கு மாற்று இல்லை, ஆகவே மறுப்பதே சரி. ஆனால் அவன் மறுத்தால் பகுதி இரண்டு என்ன ஆகும்? 'அவர் மறுத்தார், நலமாக இருக்கிறார்.' இதை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

"எடுத்துக்கோடா" என்றேன். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. பெரும்பான்மையின் கருத்தைத் தெரிவித்தேன்.

அதன்பின் வாரந்தோறும் கடைக்குப் போனேன். அண்ணனுக்கு இப்போதுதான் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது என்று கேலி செய்வான். நீராவிக்கு நடுவில் நின்று அவன் பதில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன். புதிதாக வைத்த டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட்டதால் வண்டியையும் அவனே ஓட்டினான். 'உரிமையாளரின் சோர்வு' என்று ஒரு துணைத்தலைப்புச் சேர்த்தேன். நன்றாக அமைந்தது.

ஒருநாள் இஸ்திரி மெஷின் மேல் கையூன்றிக்கொண்டு கேட்டான். "ரெண்டாவது ஆஸ்பத்திரிய விட்டுரட்டுமா அண்ணா? நேத்து சிக்னல்ல தூங்கிட்டேன். பின்னால வந்தவன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டி எழுப்பினான்."

அதை அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகவே எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் பகுதி இரண்டுக்கு நான் போட்டுவந்த அட்டவணைகளும் பாதியில் நிற்கும். "குழு வந்து போகட்டும். திறப்பு விழா வரைக்கும் இழுத்துப் பிடிடா."

"சரி, உனக்காக" என்றான். அந்தச் சொல்லைப் பகுதி இரண்டில் சேர்க்கவில்லை, நடைக்குப் பொருந்தவில்லை.

அவன் சாவான் என்று எனக்குத் தெரியாது. சாகக்கூடும் என்று தெரியும். எங்கள் பாடத்தில் இதற்கு இடர் என்று பெயர். அதை யார் தலையில் வைப்பது என்பதுதான் மேலாண்மை. நான் என் தம்பி தலையில் வைத்தேன்.

என் துக்கத்தை முன்னிட்டு, கேஸை ஒப்படைக்கக் குழு இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுத்தது. அதற்குள் பகுதி இரண்டை முடித்துவிட்டேன். "ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க" என்று தலைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கீகாரம் வந்தது. தம்பி மனைவி கடையை இப்போது ஒரே ஆஸ்பத்திரியோடு நடத்துகிறாள், வழிகாட்டியில் நான் எழுதியிருந்தபடியே. என்னோடு பேசுவதில்லை.

இந்த ஆண்டும் அந்தக் கேஸை நானே நடத்தினேன். இந்த ஆண்டும் பெரும்பாலோர் ஏற்கலாம் என்றுதான் கை தூக்கினார்கள். அத்தனை கைகளையும் பார்க்கும்போது மனம் கொஞ்சம் லேசாகிறது. இவ்வளவு பேர் சேர்ந்து சொல்வது ஒருவனுடைய குற்றமாக எப்படி ஆகும்?

பகுதி ஒன்றில் நான் ஒரு வரியையும் மாற்றவில்லை. அதில் அவனுக்கு நாற்பத்தொரு வயது. புதிய ஆஸ்பத்திரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.