குதிகாலில் ஒரு புள்ளி

ஆண்டிபட்டியில் கரிவாயு பஸ்ஸை நிறுத்தி, அதன் பின்னால் இருந்த அடுப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் கைக்குழந்தையோடு இருந்தவள், பக்கத்தில் இருந்த வயதான அம்மாளுக்கு அதன் குதிகாலைக் காட்டினாள்.

“இங்கன ஊசியால குத்தித்தான் டாக்டரம்மா ரத்தம் பாத்தாக.”

“பச்சப்பிள்ளையவா? எதுக்கு தாயி?”

“இதப் பெத்தவ என் தங்கச்சி. வளைகாப்புல வளையல் ஏத்துன கையெல்லாம் நீலமாக் கன்னிப்போச்சு. வளையக்காரருக்கு முரட்டுக் கைன்னு அவரத் திட்டித் தீத்தோம். மதுரையில பாத்தா ரத்தத்துல புத்துநோயாம். மருந்தே இல்லைன்னுட்டாக.”

“அய்யோ!”

“எங்கண்ணனும் அவ புருசனும் மாத்தி மாத்தி ரத்தம் குடுத்தாக. எட்டு மாசம் முடியிற மட்டும் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்து பெத்துட்டா.”

“பிள்ளைக்கும் அந்த ரத்தந்தானே?”

“அப்படித்தான் நாங்களும் பயந்தோம். டாக்டரம்மா பிள்ளை ரத்தத்தப் பூதக்கண்ணாடிக் குழாய் வழியா ரொம்ப நேரம் பாத்தாக. ஒரு சொட்டுகூடக் கெடலைன்னாக. அதத் தங்கச்சி காதுல சொன்னேன். ‘பிள்ளைக்கு மொதக் கருவளையல் அந்த வளையக்காரரு கையால போடுங்கக்கா’ன்னா. மறுநாள் போயிட்டா.”

வண்டி கிளம்பியது. அந்த அம்மாள் குழந்தையின் குதிகாலைத் தன் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.