கண்ணாடி ஏற்றிய ஒன்பது மணி நேரம்

லாரி ஏசியில் ஒரு பொத்தான் உண்டு, ஐயா. அம்புக்குறி வண்டிக்குள்ளேயே வளைந்து திரும்புவதுபோல் படம் போட்டிருக்கும். அழுத்தினால் வெளிக்காற்று வராது. உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். ஓட்டுகிறவன் விடும் மூச்சு, பின்னால் படுக்கைப் பலகைவரை போய்த் திரும்பும்.

அந்தப் பலகையில் நானும் என் தங்கை கணவனும் ஆறு வருடம் மாறி மாறிப் படுத்தோம். ஒரே தலையணை.

தொற்றுக்காலத்தில் சோதனைச் சாவடிகளில் நெற்றியில் சூடு பார்த்தார்கள். அந்தக் கருவிக்குத் தோலின் சூடு மட்டுமே தெரியும். ஏசிக் காற்றில் இரண்டு நிமிடம் நெற்றியைக் காட்டிவிட்டு இறங்கினால் காய்ச்சல்காரனும் தேறிவிடுவான். மாப்பிள்ளைக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வாயையும் மூடிக்கொண்டேன். கூட ஓட்டுகிறவனைச் சாவடியில் காட்டிக்கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.

அடுத்த முறை ஒரு சாவடியில் என் முறை. எனக்கு வந்தது வெறும் சளி. நெற்றியும் தேறிவிட்டது. அவன்தான் நர்சிடம் போனான்.

"மேடம், மச்சானுக்கு ரெண்டு நாளா இருமல். கொஞ்சம் நல்லாப் பாருங்க."

என்னைப் பதினாலு நாள் தனிமைக் கொட்டகையில் அடைத்தார்கள். நாற்பது கட்டில், சுற்றிலும் நோயாளிகள். பதிமூன்று நாள் எனக்கு ஒன்றுமில்லை. விடுகிற அன்று காலையில் உடம்பு கொதித்தது. சோப்பின் வாசனைகூடத் தெரியவில்லை. அங்கேயும் நெற்றியில்தான் பார்த்தார்கள். ஈரத்துணி போதுமானதாக இருந்தது.

வாசலில் வண்டியோடு நின்றான்.

"என்ன மச்சான், மாமியார் வீட்ல நல்ல கவனிப்பா? தொந்தி விழுந்திருக்கு. இன்னும் கோவமா? உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். உடம்பு தேவலையா?"

"தேவலை மாப்ளே. நீ படு, நான் ஓட்டறேன்."

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. எனக்குத் தெரியும். கண்ணாடிகளை ஏற்றினேன். பொத்தானை அழுத்தினேன். முகக்கவசத்தைக் கழற்றி மடித்து வைத்தேன். ஒன்பது மணி நேரம் ஓட்டினேன்.

நடுவில் விழித்தான்.

"மச்சான், ஒரு மாதிரி அடைக்குது. கண்ணாடிய இறக்குங்களேன்."

"வெளிய தூசிடா. உனக்கு இழுப்பு வந்துடும்."

"அதுவும் சரிதான்" என்று புரண்டு படுத்தான்.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தான். கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஐயா. அவனும் அந்தக் கட்டிலில் பதினாலு நாள் கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கு மூன்றே நாளில் சரியாகிவிட்டது.

தங்கைக்கு அவன் முகத்தைக்கூட ஆஸ்பத்திரியில் காட்டவில்லை. போனில் கேட்டாள்.

"அண்ணா, அவருக்கு யாருண்ணா ஒட்ட வெச்சது?"

"அவராத்தான் தேடிக்கிட்டாரும்மா" என்றேன்.

அவளிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை.