ரீஃபண்ட் இல்லாத கிளாஸ்

இல்லம்மா, கட் பண்ணல. குக்கர் விசில் அடிச்சுச்சு, அதான் போனைக் கொஞ்சம் தள்ளி வச்சேன். நீ சொல்லு. 'சென்னையிலேருந்து பிரேமலதா பேசறேன் மேடம், கிளவுட் கம்ப்யூட்டிங் கோர்ஸ் விஷயமா'ன்னு ஆரம்பிப்பியே, அதுவரைக்கும் எனக்கே மனப்பாடம் ஆயிட்டு. எத்தனை நாளாம்மா போன் அடிக்க! எங்க வீட்டுக்காரரு கூட என்னைய இப்படி விடாமத் தேடுனது கிடையாது. இன்னைக்கு எனக்கும் உன்னால ஒரு காரியம் ஆகணும், அதான் எடுத்தேன்.

ஆமா, சுதாராணிதான். கோவில்பட்டி. என்ன செய்யுதேனா? வீட்டுல இருக்கேன்னு போட்டுக்கோ. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்கேன். எங்க மாமாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருக்கு. ஆபீஸுன்னதும் ஏசி ரூமை நினைச்சிராத, இங்கன ஃபேக்டரியைத்தான் அப்படிச் சொல்லுவோம். எம் மருமக கம்ப்யூட்டர் படிச்சவள்னு மாமா கல்யாண வீடு தவறாமச் சொல்லுவாவ. அந்தப் படிப்புக்கு எனக்குக் கொடுத்திருக்குத வேலை என்ன தெரியுமா? கரண்ட் பில் கட்டணும், ரயில் டிக்கெட் போடணும், எங்க அத்தை போன்ல வந்து குமியுத குட்மார்னிங் படத்தையெல்லாம் அழிக்கணும். பூவும் டீக்கப்புமா, அழிக்க அழிக்க வந்துக்கிட்டே இருக்கும்மா.

அதத்தான் நானும் கேக்கேன். யூடியூப்ல ஓசியிலயே கொட்டிக் கிடக்கே, உங்கிட்ட எதுக்குக் காசு கட்டணும்? தரம் இருக்காதா? யாரு சொன்னா? பார்த்தவ நான் சொல்லுதேன், நல்லாவே இருக்கு. நீ விக்குத கோர்ஸை நீ படிச்சிருக்கியாம்மா? படிக்கலையா? பேப்பரைப் பார்த்து வாசிக்கியா. பரவாயில்ல, நல்லாத்தான் வாசிக்க.

அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, கேட்டுக்கோ. எங்க மாமாவுக்கு தீபாவளி சீசன்ல சரக்கு வைக்க இடம் பத்தாது. அதுக்குன்னு குடோன் கட்டிக்கிட்டா இருக்க முடியும்? வாடகைக்கு எடுத்துக்கிடுவாவ, சீசன் முடிஞ்சதும் சாவியைக் கொடுத்திருவாவ. இதுவும் அதான். சரக்குக்குப் பதிலா கம்ப்யூட்டர். எங்கயோ ஒருத்தன் பெரிய பெரிய மிஷினா வச்சிருக்கான், வேணுங்கிற அளவுக்கு வாடகைக்கு எடுத்துக்கிடலாம். எப்ப எடுக்கணும், எவ்வளவு எடுக்கணும், எவன் சாவியை எவன்ட்ட கொடுக்கணும், அதப் பார்த்துக்கிடுத வேலைதான் இந்தப் படிப்பு. எழுதிக்கிட்டியா? அடுத்த ஆளுக்குப் போன் போடும்போது சொல்லு.

ஒரு நிமிஷம் இரு. ஆ, அத்தை! மாத்திரை டிவி மேல இருக்கு பாருங்க! நீல அட்டை! நீலம்! அது ரிமோட் அத்தை, இருங்க, வாரேன்.

ம், வந்துட்டேன். பார்த்தல்லா? இதான் எங்க வீடு. குறை ஓசி கிளாஸ்ல இல்லம்மா, எங்க வீட்டுல இருக்கு. லேப்டாப்பைத் திறந்து அந்த வாத்தியாரு வணக்கம்னு சொல்லதுக்குள்ள, சுதா, சும்மாதானே இருக்க, இந்த முருங்கைக்கீரையை ஆஞ்சு குடுன்னு வந்து நிப்பாவ. படிக்கேன் அத்தைம்பேன். ஓசியில வருததுதானே, அது எங்க ஓடிப் போகுதும்பாவ. நியாயம்தான், ஓடிப் போகாதுல்லா. எங்க மாமா வந்தா பக்கத்துல உக்காந்து அவிய போனை நீட்டுவாவ. வீட்டுக்காரரு வந்தா சாப்பாடு எடுத்து வைக்கணும். சாயங்காலம் ஆனா, இந்த வீட்டுல சாமிக்குக் கூட அஞ்சு நிமிஷம் தனியா உக்கார வழி கிடையாது.

வியாபாரக் குடும்பம்மா இது. காசு கொடுத்து வாங்குனா அது உசுரு, ஓசியில வந்தா குப்பை. யாரோ கேம்ப் போட்டு மாமாவுக்கு ஓசியில கொடுத்த கண்ணாடி டிராயர்ல கிடக்கு. மதுரையில போயி வாங்குன கண்ணாடியைப் போட்டுக்கிட்டேதான் தூங்குதாவ. எங்க அத்தை காலையில ஆன்லைன்ல யோகா பண்ணுதாவ. சும்மா இல்ல, ஃபீஸ் கட்டி. அந்த நேரத்துல மிக்ஸி போடக் கூடாது, கதவு தட்டக் கூடாது, மாமா தும்மணும்னாலும் கொல்லைக்குத்தான் போகணும். ஏன்னா காசு கட்டியிருக்கு. அத்தை என்ன பண்ணுதாவன்னு கேக்கியா? கடைசியில மல்லாக்கப் படுங்கன்னு ஒண்ணு சொல்லுவான்லா, அத முதல்லயே ஆரம்பிச்சிருவாவ. குறட்டைச் சத்தம் வாசல் வரைக்கும் கேக்கும். அதுக்குத்தான் நாங்க அத்தனை பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கோம். அந்தச் சாத்துன கதவைப் பார்த்துத்தாம்மா எனக்குப் புத்தி வந்துச்சு.

அதனால சேருதேன். சந்தோஷமா? ஆனா நான் சொல்லுத மாதிரிதான் எங்க வீட்டுல பேசணும். மாமா காசு கட்டுதேன்னு சொல்லிட்டாவ, அத்தை மட்டும் உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம். மாத்திரையைப் போட்டுட்டுப் பூஜை ரூமுக்குப் போயிருக்காவ, முடிச்சதும் வந்திருவாவ.

டிஸ்கவுண்டா? ஐயோ, வாயைக் கழுவு. பாதி விலைக்குத் தாரேன்னா பாதி மரியாதைதான் கிடைக்கும். முழு ஃபீஸையும் போடு. இலவச டெமோவா? அந்த வார்த்தையே எங்க வீட்டுல கேக்கக் கூடாது. என்னது, வீடியோ ரெக்கார்டு பண்ணியிருக்கும், எப்ப வேணாலும் பார்த்துக்கிடலாமா? அதத்தாம்மா வேண்டாங்கேன்! எப்ப வேணாலும்னா எங்க வீட்டுல எப்பவுமே இல்லன்னு அர்த்தம். நேரலை கிளாஸ்னு சொல்லு. டெய்லி சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம், ஒம்பது மணி வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, கதவு சாத்தியிருக்கணும், ஒரு நாள் விட்டாலும் கட்டுன காசு போச்சு. பிடிக்கலன்னா ரீஃபண்ட் உண்டுங்கியா? கெடுத்த! ரீஃபண்டே கிடையாதுன்னு நல்லா அழுத்திச் சொல்லு. அந்த ஒரு வார்த்தை போதும், எங்க அத்தை கதவுக்கு வெளிய நாற்காலியைப் போட்டுக் காவல் இருப்பாவ.

இன்னொண்ணு, நூறு சதவீதம் வேலை உத்தரவாதம்னு இப்ப வாசிச்ச பாரு, அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுப் பேசு. வேலைங்கிற பேச்சே வரக் கூடாது. ஒரு தடவை நான் கேட்டேன், மாமா, வீட்டுல இருந்தபடியே ஏதாவது வேலை பார்க்கட்டுமான்னு. மாமா கோவப்படல. சிரிச்சாவ. நாம சம்பளம் கொடுக்குத ஆளும்மா, வாங்குத ஆளு இல்லன்னாவ. அடுத்தவன்ட்ட கை நீட்டுதாளா பெருமாள்சாமி மருமகள்னு ஊரு கேக்குமாம். படிக்கதுன்னா தாராளமாப் படிக்கலாம். சாகுத வரைக்கும் படிக்கலாம். மருமக படிக்குதாள்னா அவியளுக்குப் பெருமை, மருமக வேலைக்குப் போறாள்னா கேவலம். அன்னைக்கு நானும் கூடச் சேந்து சிரிச்சேன். பொறவு அடுப்படியில போயி அழுதேன், அது வேற.

எங்க வீட்டுக்காரரா? விஜயராஜுன்னு பேரு. அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பாரு. அதுல அவரு ரொம்பக் கெட்டிக்காரரு. எதுத்தும் பேச மாட்டாரு, எனக்குச் சேந்தும் பேச மாட்டாரு. முந்தாநாள் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கிட்டு வந்து கட்டில்ல வச்சுட்டுப் போறாரு. அவ்வளவுதான் அவரால முடியும். எனக்கு அதுவே போதும்.

பேசிக்கா, அட்வான்ஸ்டா? எதுல வேணாலும் போடு தாயி. நான் உள்ள வந்து மைக்கை அணைச்சு ஒரு ஓரமாப் போட்டிருவேன். உங்க சாரு அவரு பாட்டுக்கு நடத்தட்டும். ஏன்னா... சிரிக்காத... நான் எல்லாத்தையும் அந்த ஓசி வீடியோவுலயே படிச்சு முடிச்சுட்டேன்.

எங்க வச்சா? மொட்டை மாடியில வச்சு. இந்த ஊரு வெயிலுக்கு எங்க வீட்டுல ஒருத்தரும் மாடிப் பக்கம் வர மாட்டாவ. வத்தல் போடுதேன்னு ஏறுவேன், காக்கா விரட்டுதேன்னு தண்ணித் தொட்டி நிழல்லயே உக்காந்துக்கிடுவேன். படிப்பு கூடக் கூட வத்தலும் கூடிட்டு. சுண்டை வத்தல், மிதுக்கு வத்தல், கொத்தவரை வத்தல், கூழ் வத்தல். எங்க தெருவுல எந்த வீட்டுச் சோத்துலயும் என் வத்தல்தான். அத்தைக்கு ஒரே பெருமை. என் பிள்ளைக்கு என்ன கைப்பக்குவம்னு சொல்லுவாவ. கடம்பூர்ல எங்க அம்மா வீட்டுக்குப் போன சாக்குல இந்தக் கிளவுட் பரீட்சையையும் எழுதிட்டேன், பாஸாயிட்டேன். அந்த சர்டிஃபிகேட்டைப் பார்க்கும்போது எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அதுல யாருக்கு மருமக, யாருக்குப் பொண்டாட்டின்னு ஒண்ணுமே போடல. என் பேரு மட்டும்தான் இருந்துச்சு. அத எத்தனை தடவை பார்த்தேன்னு எனக்கே தெரியாது.

பொறவு உன் கிளாஸ் எதுக்கா? கதவுக்குத்தாம்மா. வத்தல் போடுதேன்னு சொல்லி மூணு மணி நேரம் நாலு பேர்ட்ட பேச முடியுமா? இருட்டுல எந்தக் காக்கா வரும்?

மணிச் சத்தம் கேக்குதா? பூஜை முடிஞ்சிட்டு. அத்தை வாராவ. உனக்கும் மாசம் இத்தனை பேரைச் சேக்கணும்னு சொல்லியிருப்பானுவல்லா, அதுல என்னைய ஒண்ணாச் சேத்துக்கோ. எனக்கு நீ இந்த ஒரு உபகாரம் பண்ணு. கொஞ்சம் அதட்டியே பேசு, தப்பில்ல, அவியளுக்கு அதட்டுத வாத்தியாருன்னா ரொம்பப் பிடிக்கும். ஆறு மணிங்கிறதை மட்டும் விட்டுக் கொடுத்திராத. கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில எடுத்திருக்காவ, வீட்டுல இருந்தே பார்க்குத வேலை, திங்கக்கிழமை ஆறு மணிக்கு எனக்கு ஆரம்பிக்குது.

இந்தாங்க அத்தை. கிளாஸ் டீச்சர் லைன்ல இருக்காவ, பேசுங்க.